அரிவாளும் ஆயுதச் சட்டமும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், எங்கள் தென்னந்தோப்புக்காகத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் ஒன்று வாங்கிக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய நாளிதழில் சுற்றி, துணிப்பைக்குள் வைத்து, பையைக் காலடியில் போட்டிருந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் திருவிழாத் தகராறு. பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்த காவலர் என் பையையும் திறந்தார். தோப்புக்கு வாங்கியது என்றேன். வழக்குரைஞர் என்றும் சொன்னேன். "பத்திரமாகக் கொண்டு போங்க சார்" என்று பையை மூடிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

எனக்கு இரண்டு இருக்கைகள் பின்னால் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் இருந்தார். மதுரையில் இளநீர் வண்டியில் வேலை. அவருடைய பையிலும் ஓர் அரிவாள் இருந்தது. என்னுடையதைவிடச் சிறியது, பிடியில் இளநீர்க் கறை ஏறிக் கறுத்துப்போனது. அவரைக் கீழே இறக்கினார்கள். வண்டி புறப்படத் தயாரானபோது நானும் இறங்கிக்கொண்டேன்.

உதவி ஆய்வாளர் நிதானமானவர். அதட்டவில்லை, அடிக்கவில்லை. நான் சட்டப் பிரிவுகளைச் சொல்லத் தொடங்கியதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த இளைஞரின் அரிவாளை மேசைமேல் வைத்து, "ஐயா, இது இளநீர் வெட்டவா, ஆளை வெட்டவா என்று இந்த இரும்பில் எழுதியா இருக்கிறது?" என்று கேட்டார். அதில் ஏளனம் இல்லை. உண்மையான ஐயம்தான் இருந்தது. வண்டி உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் உறுதி சொல்லி, இளைஞரை அனுப்பிவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைய கூலியில் பாதி போயிற்று என்பது அவருடைய கவலை. உதவி ஆய்வாளர் கேட்ட கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லையே என்பது என்னுடைய கவலை.

கத்தி வாங்குவதும் வைத்திருப்பதும் குறித்து நம்மிடையே இரு வேறு நம்பிக்கைகள் உலவுகின்றன. "துப்பாக்கிக்குத்தான் உரிமம் வேண்டும், கத்திக்கு எந்தச் சட்டமும் இல்லை" என்பது ஒன்று. "ஆறு அங்குலத்துக்கு மேல் எந்தக் கத்தி வைத்திருந்தாலும் குற்றம்" என்பது மற்றொன்று. படித்தவர்களும் இவற்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு.

இந்தியாவில் இதற்கு அடிப்படையான சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் முதல் நாள். 'ஆயுதம்' என்றால் என்ன என்று அதன் 2-ஆவது பிரிவு வரையறுக்கிறது. தாக்கவோ தற்காக்கவோ பயன்படும் கருவியாக வடிவமைக்கப்பட்ட அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். கூர்முனை உள்ளவையும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பிறவும் இதில் அடங்கும். உடனே ஒரு விலக்கும் வருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்காகவோ வேளாண் பயன்பாட்டுக்காகவோ மட்டுமே வடிவமைக்கப்பட்டவை ஆயுதங்கள் அல்ல. கைத்தடியும் லத்தியும் அதற்கு எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்பட்டுள்ளன.

ஆக, சட்டம் முதலில் கேட்பது நீளத்தை அல்ல, நோக்கத்தை. அதுவும் வைத்திருப்பவரின் நோக்கத்தை அல்ல, பொருளைச் செய்தவரின் நோக்கத்தை. எதற்காக இது உருவாக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. அரிவாள்மனையைப் பார்த்து யாருக்கும் ஐயம் வராது. கதிர் அறுக்கும் கருக்கரிவாளும் அப்படியே. குத்துவாளிலும் ஐயமில்லை. இடையில்தான் சிக்கல். 'மட்டுமே' என்ற அந்த ஒரு சொல் அங்கேதான் பாரமாகிறது. தென்னை மட்டை கழிக்கவும், வேலி முள் வெட்டவும், ஆட்டை அறுக்கவும், அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு செலுத்தவும், வழிப்பயணத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளவும் எனத் தென் மாவட்டங்களில் அரிவாள் பல வேலை பார்த்திருக்கிறது. அது வேளாண் கருவி 'மட்டுமே' என்று உலைக்களத்தில் நின்று சத்தியம் செய்ய எந்தக் கொல்லரால் முடியும்?

சட்டத்தின் அடுத்த படி உரிமம். துப்பாக்கி வைத்திருக்க நாடு முழுவதும் உரிமம் வேண்டும் என்கிறது 3-ஆவது பிரிவு. கத்தி, வாள், ஈட்டி போன்றவற்றுக்கு அப்படி ஒரு பொதுவான கட்டாயம் இல்லை. அவற்றுக்காக 4-ஆவது பிரிவு தனியே இருக்கிறது. ஒரு பகுதியில் நிலவும் சூழலைக் கருதி, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் கட்டுப்படுத்துவது பொதுநலனுக்குத் தேவை என்று அரசு கருதினால், அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு அந்தப் பகுதிக்கு மட்டும் உரிமத்தைக் கட்டாயமாக்கலாம். எந்த வகை ஆயுதம், எந்தப் பகுதி என்பதை அந்த அறிவிக்கையே சொல்லும்.

இவ்வாறு பிரித்து வைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1801-இல் பாளையக்காரர் கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு தென் தமிழகத்தில் கோட்டைகளை இடித்து, மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு நாடு முழுவதும் அதே அச்சம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் வாள், குத்துவாள், ஈட்டி மட்டுமன்றி வில்லையும் அம்பையும்கூட ஆயுதம் என்றது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. தொடக்ககால காங்கிரஸ் மாநாடுகள் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானங்கள் இயற்றின. கையில் ஆயுதம் உள்ள குடிமகனையெல்லாம் கலகக்காரனாகப் பார்க்கும் மனப்போக்கிலிருந்து விலகுவதற்காகவே, விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியையும் கத்தியையும் வேறு வேறாக நிறுத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண்ணம் பேருந்து நிறுத்தம் வரை வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

இனி அளவுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் உள்ள முதல் அட்டவணை ஆயுதங்களை வகைப்படுத்துகிறது. அதில் ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாதவற்றுக்கானது. வாள், கைத்தடிக்குள் மறைத்த வாள், குத்துவாள், துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றுடன் கத்திகளும் அதில் இடம்பெறுகின்றன. சீக்கியரின் கிர்பானும் கூர்க்கர்களின் குக்ரியும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. கத்திகளுக்குத் தரப்பட்டுள்ள அளவு: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்க வேண்டும். வீட்டுக்காகவும் வேளாண்மைக்காகவும் வடிவமைக்கப்பட்டவற்றோடு, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவையும் இங்கே விலக்கப்பட்டிருக்கின்றன.

அந்த விலக்கு இல்லாமல் அளவை மட்டும் கணக்கில் கொண்டால், நம் ஊர்க் கசாப்புக் கடைகள் எல்லாவற்றையும் இழுத்து மூட வேண்டியிருக்கும். எலும்பு நறுக்கும் கத்தி எதுவும் 2 அங்குல அகலத்துக்குள் அடங்காது. கல்யாண வீட்டுச் சமையல்காரரின் காய்கறிக் கத்தி 9 அங்குலத்தைத் தாண்டும். பலா அறுப்பவர், கரும்பு வெட்டுபவர், நுங்கு சீவுபவர் என்று பட்டியல் நீளும். இவர்கள் அனைவரையும் காப்பாற்றுவது அங்குலக் கணக்கு அல்ல, 'வடிவமைக்கப்பட்ட நோக்கம்' என்ற அந்த விலக்குத்தான். மறுபுறம், 9 அங்குலத்துக்கும் குறைவான கத்தி என்பதால் கவலையில்லை என்று எண்ணிவிடவும் முடியாது. ஏனெனில் 4-ஆவது பிரிவின்கீழ் வரும் அறிவிக்கை, தனக்கென ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம்.

தில்லி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கு 1980-இல் வெளியிடப்பட்ட அறிவிக்கை, பொத்தானை அழுத்தினாலோ வில்விசையாலோ வேறு இயந்திர அமைப்பாலோ விரியும் கத்திகளைக் குறிவைத்தது. அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு. 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். மற்ற இடங்களில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியக்கூடிய ஒரு பட்டன் கத்தி, யமுனைக் கரைக்குப் போனவுடன் வழக்குக்குரிய பொருளாகிவிடுகிறது. தில்லியின் குற்றவியல் நீதிமன்றங்களில் கத்தி வழக்குகளின் கோப்புகளைப் புரட்டினால், வெள்ளைத் தாளில் கத்தியை வைத்துப் புற எல்லையைக் கோடு இழுத்து, அலகு இவ்வளவு, பிடி இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று குறித்த வரைபடம் கட்டாயம் இருக்கும். ஒரு மனிதரின் சிறைவாசம் சில மில்லிமீட்டர்களில் தொங்குவதை அந்தத் தாளில் பார்க்கலாம். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அளவு என்று ஒன்று எழுதப்பட்டிருப்பதால், குறைந்தபட்சம் அதை வைத்தாவது வாதாட முடிகிறதே என்றுதான் தோன்றியது.

தண்டனை சிறியதல்ல. அறிவிக்கை நடப்பில் உள்ள பகுதியில், அதில் குறிப்பிட்ட வகைக் கத்தியை உரிமமின்றி வாங்கினாலோ வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ 25-ஆவது பிரிவின்கீழ் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறையும் அபராதமும் உண்டு. தக்க, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்தால் மட்டுமே நீதிமன்றம் ஓராண்டுக்குக் கீழே இறங்கலாம். இச்சட்டத்தின்கீழ் வரும் எல்லாக் குற்றங்களும் பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடியவை. உரிமமே இருந்தாலும், ஐயத்துக்கு இடமளிக்கும் விதத்தில் ஆயுதம் கொண்டு செல்பவரைப் பிடியாணை இன்றிக் கைது செய்ய 20-ஆவது பிரிவு இடம் தருகிறது.

வழக்குரைஞர்கள் பலரும் கவனிக்காத ஒரு முரணை இங்கே சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக 3-ஆவது பிரிவின்கீழ் ஒருவர்மீது வழக்குத் தொடர வேண்டுமானால், 39-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். காவல் துறைக்கு மேலே இன்னொரு அதிகாரி கோப்பைப் படித்துப் பார்க்கிறார். கத்திக்கான 4-ஆவது பிரிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. துப்பாக்கியோடு பிடிபடுபவருக்கு ஒரு வடிகட்டி. கத்தியோடு பிடிபடுபவருக்கு அது இல்லை. துப்பாக்கி என்றால் அது துப்பாக்கிதான் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பத்துக்கு இடமிருப்பது கத்தியில்தான். இரண்டாவது கண் எங்கே அதிகம் தேவையோ, அங்கே சட்டம் அதை வைக்கவில்லை.

கத்தி பயன்படுத்தப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. குற்றம் நடந்த பிறகு அது அடுப்படிக் கத்தியா, போர்வாளா என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. குத்தவோ வெட்டவோ பயன்படும் கருவியால் காயம் விளைவிப்பதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவு தண்டிக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324, 326-ஆவது பிரிவுகளில் இருந்தது இது. வெங்காயம் நறுக்கும் கத்தியானாலும் அங்கே அபாயகரமான கருவிதான். குற்றத்துக்கு முன்னால் கத்தியை அதன் பிறப்பை வைத்தும், குற்றத்துக்குப் பின்னால் அதன் செயலை வைத்தும் சட்டம் எடை போடுகிறது. இரண்டும் நியாயம்தான். பிறப்புக்கும் செயலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், அதாவது ஒருவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகும்போதுதான், எதை வைத்து எடை போடுவது என்று தெரியாமல் ஆள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். என் முகத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தது. அந்த இளைஞரின் முகத்தில் வெயில் இருந்தது.

மத நம்பிக்கை சார்ந்த கத்திக்கு நம் அரசமைப்புச் சட்டமே இடம் தந்திருக்கிறது. கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதியாகவே கருதப்படும் என்று 25-ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. அதற்கும் இடத்துக்கேற்ற வரம்பு உண்டு. உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள் கிர்பானுடன் செல்லலாம் என்ற 2022-ஆம் ஆண்டு உத்தரவு, அலகு 6 அங்குலத்தையும் மொத்த நீளம் 9 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. மற்றவர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது; சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கருப்பண்ணசாமிக்கு ஆளுயர அரிவாள் செய்து தோளில் சுமந்து செல்லும் நம் ஊர்ப் பக்தருக்கு இப்படி எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை, வழக்கம்தான் துணை. இதுவரை அந்த வழக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் ஊர்ப் பதற்றத்தின்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவின்கீழ் (பழைய 144) ஆயுதங்களுடன் நடமாடத் தடை வந்துவிட்டால், வழக்கத்தைக் காட்டித் தப்புவது எளிதல்ல.

வாங்கும் விதம் இன்று மாறிவிட்டது. முன்பு கத்தி வேண்டுமானால் கொல்லுப்பட்டறைக்கோ சந்தைக்கோ போக வேண்டும். கொல்லருக்கு வாங்குபவரைத் தெரியும். பல வேளைகளில் அவருடைய தகப்பனாரையும் தெரியும். இப்போது கைப்பேசித் திரையில் 'அலங்காரப் பொருள்', 'முகாம் கத்தி', 'சேகரிப்பாளர்களுக்கானது' என்ற பெயர்களில் எல்லாம் கிடைக்கிறது. விற்பவர் எந்தப் பெயர் சூட்டினாலும், பொருள் ஆயுதமாக வடிவமைக்கப்பட்டிருந்தால் சட்டத்தின் பார்வையில் அது ஆயுதமே. அதிலும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆயுதத்தை நிலம், நீர், வான் எந்த வழியாக நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் உரிமம் தேவை என்கிறது 10-ஆவது பிரிவு. இங்கே துப்பாக்கி என்று தனியே சொல்லப்படவில்லை. ஆயுதம் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளூரில் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய ஒரு கத்திக்கு, அது வெளிநாட்டிலிருந்து சிப்பத்தில் வரும்போது சுங்கத் துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

பிரிட்டன் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. நம் ஆயுதச் சட்டம் பிறந்த அதே 1959-இல்தான் அங்கு பட்டன் கத்திகளைச் செய்வதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. அவற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம் என்றது 2019-ஆம் ஆண்டின் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கத்தி எடுத்துச் செல்லக் கூடாது. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கத்தி விற்பது குற்றம். 2024 செப்டம்பர் 24 முதல் 'ஜாம்பி' வகைக் கத்திகள் எனப்படும், 8 அங்குலத்துக்கு மேல் நீண்ட, கோரமான வடிவக் கத்திகளை வைத்திருக்கவும் கூடாது. அந்தத் தடைக்கு முன் சுமார் ஒரு மாதம் அவகாசம் தந்து, ஒப்படைத்தவர்களுக்கு ஈட்டுத்தொகையும் தந்தார்கள். இத்தனை செய்தும் அங்கு கத்திக்குத்து ஓயவில்லை என்பது உண்மை. அதைச் சுட்டிக்காட்டி, கத்திச் சட்டங்களே வீண் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. அங்கே ஒரு தாய், தன் மகனின் மேசையிலிருக்கும் கத்தி அனுமதிக்கப்பட்டதா, தடை செய்யப்பட்டதா என்று தன் மொழியில், அரசின் தளத்தில், படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. நம் நாட்டிலோ, அடுக்களைக் கத்தியை விற்க ஆயுதச் சட்டத்தில் வயது வரம்பு என்று ஒன்றுமில்லை. தடை செய்யப்பட்டது எது என்று அறிய அரசிதழைத் தேட வேண்டும்.

தமிழகத்திலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. கொலைச் சம்பவங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்த நிலையில், 2021 செப்டம்பரில் மாநிலக் காவல் துறை பெரிய அளவில் தேடுதல் வேட்டை நடத்தி ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. அதையொட்டி, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசி, வாங்குவோரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், வாங்கும் காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், பட்டறையில் கண்காணிப்பு கேமரா பொருத்த வேண்டும், வீட்டு, வேளாண் தேவைக்கு அல்லாமல் வேறு காரணங்களுக்காக விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிக் காணொளி எடுத்து இளைஞர்கள் கைதாகும் செய்தி வாரந்தோறும் வரும் மாநிலத்தில், இப்படியொரு நடவடிக்கை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீச்சரிவாளால் வெட்டுண்டவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் திருப்பாச்சேத்தியில் நான் அரிவாள் வாங்கிய பட்டறையின் நிலையைச் சொல்லியாக வேண்டும். லாரியின் பழைய வில் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, வளைவு கொடுத்து, நீரில் தோய்த்து எடுக்கும் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். பதிவேடு என்று அவர் காட்டியது பேரனின் பழைய பள்ளி நோட்டு. கேமரா வாங்கும் விலைக்கு எத்தனை அரிவாள் விற்க வேண்டும் என்று அவர் என்னிடம் கணக்குக் கேட்டார். வாங்க வருபவர் பொய்ப் பெயர் சொன்னால் தான் என்ன செய்வது என்றும் கேட்டார். அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்களுக்கு நேரே முகவரி 'மதுரை' என்று மட்டும் இருந்தது. கொலை நடந்த பிறகு காவல் துறை முதலில் தேடி வருவது அவரைத்தான். உரிமம் தேவைப்படும் ஆயுதத்தை உரிமமின்றிச் செய்வதற்கும் விற்பதற்கும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள். எது வேளாண் கருவி, எது ஆயுதம் என்ற கோட்டை எழுத்தறிவு குறைந்த அந்தப் பெரியவர் தானே கிழித்துக்கொள்ள வேண்டும். தவறாகக் கிழித்தால் விளைவு அது. அவர் ஒரு வழி வைத்திருக்கிறார்: இரு பக்கமும் கூர் வைத்துத் தருமாறு கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். "தேங்காய்க்கு எதுக்கு ரெண்டு பக்கம் கூரு?" என்றார். ஆயுத விதிகளின் அட்டவணையில் அப்படியொரு வரி இல்லை. இருந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. தம் மாவட்டத்தில் 4-ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கை நடப்பில் இருந்தால், எந்தக் கத்தி, எந்த அளவு, எந்தத் தேதி வரை என்பதைப் படத்துடன் தமிழில் காவல் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டச் சொல்ல மாவட்ட ஆட்சியரால் முடியும். பட்டறைக்காரர்களுக்கு அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தை அரசே இலவசமாகத் தரலாம். ரசீதில் கருவியின் பெயர், அலகின் நீளம், வாங்கியவரின் தொழில் மூன்றும் இருந்தால் போதும். அது கொல்லருக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் பாதுகாப்பு, சாவடியில் நிற்கும் காவலருக்கும் ஒரு பிடிமானம். கத்தி வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்னால் துப்பாக்கிக்கு உள்ளதுபோல ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 39-ஆவது பிரிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதற்குக் காலம் பிடிக்கும். ஒரு வரித் திருத்தம்தான் என்றாலும், இளநீர் வெட்டுபவர்களுக்காகத் தில்லியில் யாரும் மசோதா கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அதுவரை, கத்தி வாங்குபவர்களுக்கு என் தொழில் அனுபவத்தில் சொல்லக்கூடியவை சில உண்டு. வில்விசையால் விரியும் கத்தி, இரு பக்கமும் கூருள்ள குத்துவாள், கைத்தடிக்குள் ஒளித்த வாள் ஆகியவற்றை விளையாட்டுக்கும் வாங்க வேண்டாம். வேலைக்கான கருவியை வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறையிலிட்டு அல்லது கட்டி, பையின் அடியில் வைத்து, வேலைக்குப் போகும் வழியில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு அல்ல. வெளி மாநிலத்துக்குப் போகும்போது அந்த ஊரின் விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள். கோயில் ஊர்வலத்துக்குப் பெரிய அரிவாள் கொண்டு செல்பவர்கள் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. காவலர் தடுத்தால் வாதாடாமல், என்ன தொழில், யாரிடம் வேலை, எங்கே போகிறோம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கைப்பற்றினால் பறிமுதல் மகஜரில் கத்தியின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப் போவது அந்த அளவுதான்.

சென்ற மாதம் கூர் தீட்டுவதற்காக அதே பட்டறைக்கு மறுபடியும் போயிருந்தேன். ரசீது கேட்டேன். பெரியவர் சற்று யோசித்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்தார். பின்புறத்தில் பேரனை எழுதச் சொன்னார்: 'தென்னை அரிவாள் 1. ஒரு பக்கக் கூர். தோப்புக்கு.' கீழே தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி எழுதினார். அந்தத் தாளை மடித்து அரிவாளின் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இளநீர் வண்டி இளைஞரிடமும் தொலைபேசியில் சொன்னேன். அவருடைய அரிவாள் சந்தையில் வாங்கியதாம். விற்றவர் யார் என்று நினைவில்லையாம். வண்டி உரிமையாளரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். எழுதி அனுப்பியிருக்கிறேன்.